சுவருக்கு அந்தப் பக்கத்து டிஸ்க்

தம்பி எழுந்த பிறகுதான் அண்ணன் எழ வேண்டும் என்று ஒரு வீட்டில் சட்டம் இருந்தால் அந்த வீட்டைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் இருந்தது. அதை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். அதற்கப்புறம் எங்கள் தெருவில் பால் பொங்காமல் நின்றது, மணி ஒலிக்காமல் நின்றது, கடைசியில் ஒரு பிள்ளை பிறக்காமல் நின்றது. ஆனாலும் நான் கேட்டதில் தப்பு இருந்ததாக இன்றைக்கும் நினைக்கவில்லை.

கடலுக்கும் உப்பளங்களுக்கும் நடுவில் கிடக்கும் தெரு எங்களுடையது. காற்று கிழக்கேயிருந்து அடித்தால் மீன் வாடையும், மேற்கேயிருந்து அடித்தால் வெள்ளை வெயிலின் வாடையும் வீட்டுக்குள் வரும். அப்பா கட்டின வீட்டை நடுவில் ஒரு சுவர் வைத்துப் பிரித்து, கிழக்குப் பாதியை எனக்கும் மேற்குப் பாதியைத் தம்பி வைகுண்டத்துக்கும் கொடுத்தார்கள். நான் உப்பு லாரி ஓட்டினேன். அவன் உப்புக் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தான். சுவர் சண்டையால் வந்ததில்லை, இட வசதிக்காக வந்தது. சண்டை பின்னால் வந்து அந்தச் சுவரைப் பயன்படுத்திக்கொண்டது.

என் மகன் குவைத்திலிருந்து டிவியில் மாட்டும் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினான். தம்பி மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு டிஸ்க் வாங்கி அனுப்பினான். வைகுண்டத்தின் மகள் ஜெயரேகா கம்ப்யூட்டர் படித்தவள், சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஒயரைக் கோத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாள். படம், பாட்டு, கோயில் கொடைத் திருவிழா வீடியோ, கல்யாண வீடியோ எல்லாம் அந்தப் பக்கம் டிஸ்க்கில் இருக்கும். இந்தப் பக்கம் என் பெட்டி அதைப் பார்த்து, பெயரும் படமுமாக அடுக்கி, டிவிக்கு அனுப்பும். இதன் ருசி தெரிந்ததும் தெருவில் உள்ளவர்களும் கேட்டார்கள், அவர்கள் வீட்டு டிவிகளுக்கும் அனுப்பிக் கொடுத்தாள். சாயங்காலமானால் தெரு முழுக்க ஒரே பாட்டு, வீட்டுக்கு வீடு கொஞ்சம் முன்னேயும் பின்னேயுமாக, அலை கரைக்கு வருவதுபோல வந்துகொண்டிருக்கும்.

"பெரியப்பா, கரண்டு போயி வந்தா வரிசை முக்கியம்" என்று சொல்லியிருந்தாள். "மொதல்ல வைஃபை பெட்டி எந்திரிக்கணும். அப்புறம் எங்க வீட்டு டிஸ்க். அது கனமான ஆளு, மெதுவாத்தான் எந்திரிக்கும். அது எந்திரிச்சு உக்காந்த பொறவுதான் உங்க பெட்டி. உங்க பெட்டி முந்திக்கிட்டா, டிஸ்க்கக் காணோம், வீடு காலின்னு நெனச்சு அம்புட்டுப் படத்துப் பேரையும் அழிச்சிரும்."

அப்படியே செய்தோம். கரண்டு வந்ததும் நான் சுவரில் தட்டுவேன். "போட்டாச்சாலே?" என்பேன். "போட்டாச்சுண்ணே" என்று சத்தம் வரும். பிறகு நான் போடுவேன். அண்ணன் தம்பிக்காகக் காத்திருப்பது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை, கேட்பவன் நானாகவும் பதில் சொல்பவன் அவனாகவும் இருந்ததால்.

பிறகு ஜெயரேகாவின் கல்யாணம் வந்தது. தாலி கட்டுவதற்கு முன்னால் அதைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் கொண்டுபோவார்கள், அவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்ய. பெண்ணின் பெரியப்பா உயிரோடு முன்வரிசையில் பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தால் தட்டு முதலில் யாரிடம் வர வேண்டும்? சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். தட்டு உப்புக் கம்பெனி முதலாளியிடம் போனது. அந்த ஆளுக்குப் பெண்ணின் பெயர் தெரியாது. போனில் பேசிக்கொண்டே ஒரு விரலால் தொட்டார். பிறகு அவர் மனைவி, மனைவியின் தம்பி, கையோடு வந்திருந்த மானேஜர். எல்லோரும் தொட்டு முடித்த பிறகு தட்டு என்னிடம் வந்தது. நான் தொடவில்லை. எழுந்தேன், செருப்பைப் போட்டேன், வந்துவிட்டேன். என் வீட்டுக்காரி சொர்ணம் புதுச் சேலையோடு வீட்டில் ரசம் வைத்தாள்.

அதிலிருந்து எனக்கும் வைகுண்டத்துக்கும் பேச்சு இல்லை. கரண்டு போய் வந்தால் சுவரில் தட்டுவதில்லை. சுவரோடு காதை வைத்து, அவன் சுவிட்சைப் போடும் 'டக்' சத்தத்துக்காக நின்றுகொண்டிருப்பேன். அவனுக்கு அது தெரியும். வேண்டுமென்றே டீ குடித்து, பேப்பர் படித்து, இருமி முடித்துப் போடுவான்.

ஜெயரேகா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை கப்பலில் வேலை, கடலில் எங்கேயோ இருந்தார். அவளுக்கும் எனக்கும் பேச்சு உண்டு. வயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து உட்காருவாள், சொர்ணம் ஏதாவது வறுத்துக் கொடுப்பாள். அப்போதுதான் நான் நியாயம் கேட்டேன்.

"ஏ பிள்ள, என் பெட்டி ஒங்கப்பன் டிஸ்க்குக்காக நிக்குதுல்ல?"

"ஆமா பெரியப்பா. இனிமே நீங்க காத வச்சுக்கிட்டு நிக்க வேண்டாம். டிஸ்க் வர்ற வரைக்கும் நில்லுன்னு பெட்டிக்குள்ளயே எழுதிடுறேன்."

"எழுது. அதே மாதிரி என் பெட்டி எந்திரிக்காம அவன் டிஸ்க்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு எழுது."

அவள் சிரித்தாள். "அப்படி எழுதக் கூடாது பெரியப்பா."

"ஏன் கூடாது? அவனுக்காக நான் நிக்கணும், எனக்காக அவன் நிக்கக் கூடாதா? மரியாதைன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்."

"அது மரியாதை இல்ல பெரியப்பா, பூட்டு."

"எழுதுவியா மாட்டியா?"

மாசமான பெண், வெயில் நேரம், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என்னோடு வாதாடிச் சலித்துப்போய் எழுதிவிட்டாள். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள் வந்தது. சாயங்காலம் கரண்டு வந்தது. வைஃபை பெட்டி கண்ணைத் திறந்தது. என் பெட்டி டிஸ்க்குக்காக நின்றது, அவன் டிஸ்க் என் பெட்டிக்காக நின்றது. டிவியில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் தோன்றிச் சுற்றத் தொடங்கியது. தெருவிலிருந்த எல்லா டிவியிலும் அதே வட்டம். அந்தக் காத்திருப்பு ஒயர் வழியாக வீடுகளுக்குப் போய், வீடுகளிலிருந்து தெருவுக்கு ஒழுகியது, விரிசல் விட்ட பானையிலிருந்து தண்ணீர் ஒழுகுவதுபோல, சத்தமில்லாமல்.

முதலில் எஸ்தாக்கியின் டீக்கடையில் பால் பொங்கவில்லை. அடியில் தீ திகுதிகுவென்று எரிய, பால் தெப்பக்குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. எதிர் வீட்டு ரெபேக்காள் டீச்சர் கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தினாள், உடனே பால் பொங்கி வழிந்தது. மறுநாளும் அப்படியே. எஸ்தாக்கி ஆச்சரியப்படுகிற ஆள் இல்லை. டீச்சர் வீட்டுக்குப் போய், "டீச்சர், நீங்க ஜன்னலச் சாத்துனாத்தான் பால் பொங்குது. காலையில அஞ்சரைக்கு ஒருதடவ சாத்தித் திறந்தீங்கன்னா புண்ணியமாப் போவும்" என்றார். டீச்சர், "சர்க்கரை கம்மியா ஒரு டீ வந்தாச் சாத்துறேன்" என்றாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

இப்படி ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. எங்கள் தெருவில் எதுவும் தான் சாய்ந்திருக்கும் இன்னொன்று தொடங்காமல் தொடங்குவதில்லை என்று ஆகிவிட்டது, எது எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்பதை அதுவரை யாரும் யோசித்ததில்லை என்பதால் ஆட்கள் ஒருவர் வீட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மாரியம்மன் கோயில் மணியை எவ்வளவு இழுத்தாலும் மாதா இருக்கும் வேதக்கோயில் மணி அடிக்காமல் ஒலி வரவில்லை, வேதக்கோயில் மணியோ மீன் ஏலக்காரி ஜெபஸ்தியாள் முதல் விலையைக் கூவாமல் நாக்கை அசைக்கவில்லை. அதனால் பூசாரியும் வேதக்கோயிலில் மணியடிப்பவரும் விடியும்போதே கடற்கரைக்குப் போய், ஜெபஸ்தியாளின் கூடைக்கு இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்து, "இன்னைக்கு என்னக்கா, சாளையா நெத்திலியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் சத்தத்துக்காக ஒருவர் மேல் ஒருவர் வருஷக்கணக்காக மனு எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேர்.

ஓய்வுபெற்ற வாட்ச்மேன் அருளப்பன் சோம்பல் முறித்தால்தான் பாதித் தெருவுக்குத் தண்ணீர் மோட்டார் ஓடும் என்பது தெரிந்தபோது அவருக்கு வந்த மவுசை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் கேட்டைத் திறந்துவிட்ட மனுஷன். குடத்தோடு பெண்கள் அவர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். அவர் மெத்தப் பெருமையாக இரண்டு கையையும் தூக்கி முறிப்பார், மோட்டார் ஓடாது. வேஷத்துக்கு முறித்தால் செல்லாது, உள்ளேயிருந்து தானாக வர வேண்டும். "யய்யா, நெசமா முறிங்கய்யா, சோறு பொங்கணும்" என்று கெஞ்சுவார்கள். அவருக்கு வெட்கத்தில் சோம்பலே வராது. கடைசியில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு கதை பேசத் தொடங்கிய பிறகு, மெல்ல எலும்பு நெட்டி முறியும் சத்தம் கேட்கும், குழாய்களில் தண்ணீர் வரும்.

பேங்க் கணேசமூர்த்தியின் ஸ்கூட்டர் எதிர் வீட்டுத் தையல்காரர் மனைவி சிரிக்காமல் கிளம்பவில்லை. அவர் பெண்டாட்டி அதைக் கண்டுபிடித்த அன்று தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் நேராக எதிர் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து காலையில் அவளே போய்த் தன் புருஷன் தூக்கத்தில் உளறியதைச் சொல்லித் தையல்காரர் மனைவியைச் சிரிக்க வைத்துவிட்டு வந்து, "ம், கெளம்புங்க" என்பாள்.

டிவிகளில் மட்டும் வட்டம் நிற்கவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம், அப்போதும் சுற்றியது. வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் ஆட்கள் அதையே பார்த்தார்கள். சாயங்காலம் பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பார்க்கப் பார்க்க அதற்குள் உப்பளத்துப் பாத்திகள் தெரியும், பாத்திகளில் வானம் தெரியும், வானத்தில் ஒரு கொக்கு ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும், அது காலை ஊன்றுவதற்குள் பார்ப்பவர்களுக்குக் கண் சொக்கிவிடும். அப்படிச் சொக்கினவர்கள் எல்லோருக்கும் ஒரே கனவு வந்தது. ஒரு வீட்டு வாசலில் யாரோ நிற்கிறார், வீட்டுக்குள்ளும் யாரோ நிற்கிறார், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியும், நடுவில் கதவு சாத்தாமலும் திறக்காமலும் இருக்கிறது, காற்று மட்டும் உப்பைக் கொண்டுவந்து கொண்டுவந்து வாசல்படியில் குவிக்கிறது. காலையில் டீக்கடையில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

"நேத்து கனவுல உப்பு முட்டி வரைக்கும் வந்துருச்சு."

"என் கனவுலயும்தான். வெளிய நிக்கிற ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

"முதுகுதான் தெரியுது. சட்டை நம்ம சுயம்பு அண்ணாச்சி சட்டை மாதிரி இருக்கு."

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

என் பெயர் சுயம்புலிங்கம். என் சட்டையை என்னோடு பேசாதவன்கூடக் கனவில் பார்த்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

நாள் ஆக ஆக, மற்றவை எல்லாம் தாமதமாகவாவது தொடங்கின, ஜெயரேகாவுக்கு மட்டும் வலி தொடங்கவில்லை. டாக்டர் சொன்ன தேதி வந்தது, போனது. தெருவில் குடியிருந்த மேரி சுகந்தி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் வந்து வயிற்றில் குழாயை வைத்துக் கேட்பாள். முதலில் சிரித்துக்கொண்டே, "வருவான், வருவான், மகாராசாவுக்கு என்ன அவசரம்" என்றாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். பிறகு ஒருதடவைக்கு இரண்டு தடவை குழாயை வைத்துக் கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ கொண்டுவந்தார்கள். ஜெயரேகா ஏறியதும் ஆட்டோ அணைந்தது. இறங்கியதும் ஓடியது. ஆம்புலன்ஸ் வந்தது, அவளைப் படுக்க வைத்தால் நின்றது, இறக்கினால் உறுமியது. நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கினார்கள், தூக்கினவர்களின் கால்கள் வாசல்படியைத் தாண்டவில்லை. வெளியூர் டாக்டரைக் கூட்டி வந்தார்கள், அவர் கையுறை மாட்டி ஊசியை எடுத்தார், மருந்து ஊசிக்குள் ஏற மறுத்துவிட்டது. டாக்டர் மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டே, "என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல" என்றார். எஸ்தாக்கி, "எங்க தெருவுல இது சகஜம் சார், முன்னால எது நிக்குதுன்னு பாக்கணும்" என்றார்.

அந்த வேலையில் எஸ்தாக்கி கைதேர்ந்தவராகியிருந்தார். எது நின்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு மத்தியானம் அவர் வைகுண்டத்தின் வீட்டில் ஜெயரேகாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டதும் அவள் சொன்னதும் சுவரின் ஓட்டை வழியாக எனக்குக் கேட்டது. நான் கேட்க வேண்டுமென்று நிற்கவில்லை. சுவரோரம் நின்று பழகிவிட்டது.

"தாயி, எது நடந்தா ஒனக்கு இது நகரும்? வெக்கப்படாமச் சொல்லு."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அவள் குரல் வந்தது.

"பெரியப்பா என் தாலியத் தொடாமப் போனாவல்ல. அன்னைல இருந்து எனக்கு நெஞ்சுல ஒண்ணு எறங்காம நிக்கி. அவிய இந்த வீட்டுக்குள்ள வரணும்."

சொர்ணம் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போனேன், இது சத்தியம். வலது பக்கம் திரும்பினால் கடற்கரைக்குக்கூடப் போகலாம். இடது பக்கம், தம்பி வாசலுக்குத் திரும்பினதும் கால் வரவில்லை. ஈர உப்பில் புதைந்த லாரி டயர் மாதிரி, மனசு முறுக்குகிறது, கால் அங்கேயே கிடக்கிறது. அவன் "அண்ணே" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

"அவனக் கூப்பிடச் சொல்லு" என்றேன், சுவரோரம் திரும்பி வந்து.

சொர்ணம் ஓட்டையில் வாயை வைத்து, "பாக்கியம், ஓம் புருஷன ஒரு வார்த்த கூப்பிடச் சொல்லு" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து வைகுண்டத்தின் பெண்டாட்டி பாக்கியம் அழுதாள். "அவிய காலையில இருந்து வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்காவக்கா. எல்லா வார்த்தையும் வருது, அண்ணேங்கிற வார்த்த மட்டும் வரமாட்டேங்குது. மாமா எங்க வாசப்படியில கால வச்சா வந்துருமாம்."

உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அவனும் நிற்கிறான். பிறகு மேரி சுகந்தியின் குரல் கேட்டது. "துடிப்பு மெலியுது. எதச் செய்யுறதா இருந்தாலும் வெளக்கேத்துறதுக்குள்ள செய்யுங்க." அந்தச் சந்தோஷம் வாயில் வைத்த உப்புக்கல் மாதிரி கரைந்து போய்விட்டது.

ஜெயரேகா நடந்து சுவரோரம் வந்தாள். அவள் மூச்சு ஓட்டை வழியாக என் கன்னத்தில் பட்டது.

"பெரியப்பா."

"சொல்லு தாயி."

"நான்தான் எழுதுனேன். அழிக்கலாம்னு பாத்தா கம்ப்யூட்டரும் எந்திரிக்க மாட்டேங்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நின்னா ரெண்டுமே எந்திரிக்காது. நாங்க படிக்கும்போது அதுக்கு ஒரு வழி உண்டு. ஏதாவது ஒண்ணுகிட்ட, நீ காத்திருக்காத, எந்திரி, விழுந்தா விழு, திரும்ப எந்திரின்னு சொல்லிறணும். விழுந்து எந்திரிச்சுக்கிட்டே இருந்தா, அதப் பாத்து மத்தது எந்திரிச்சிரும்."

"எதுகிட்ட சொல்லுவீங்க?"

"எது பழசோ அதுகிட்ட. அதுக்குத்தான் விழுந்து பழக்கம் இருக்கும்."

அவள் அதை ஒரு வேலை மாதிரி, வரிசை முக்கியம் என்று அன்றைக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள். சொல்லி முடித்ததும் சுவரில் அவள் நெற்றி மோதும் மெல்லிய சத்தம் கேட்டது.

நான் மறுபடி வாசலுக்குப் போய் இடது பக்கம் திரும்பினேன். கால் வரவில்லை. வராத காலோடு உடம்பை முன்னால் தள்ளினேன். விழுந்தேன். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்தேன், தள்ளினேன், விழுந்தேன். இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு பல்லி ஒரே மூச்சில் ஓடிவிடும் தூரம்தான், ஆனால் அன்றைக்கு அது பாத்தி பாத்தியாக, வரப்பு வரப்பாக, நான் லாரி ஓட்டின காலத்து எல்லா உப்பளங்களையும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக விரித்துப் போட்டதுபோல நீண்டுகொண்டே போனது, வெயில் சாயச் சாய மண் வெள்ளையாகிக்கொண்டே வந்தது, விழும் இடமெல்லாம் கையில் உப்பு ஒட்டியது, எழும்போது அது பொடியாக உதிர்ந்து காற்றில் மினுங்கியது.

"அண்ணாச்சி, கையக் குடுங்க" என்று எஸ்தாக்கி வந்தார்.

"எவனும் தொடாதிங்கல! நான் போயிக்கிடுவேன்."

"வேட்டி அவுருது அண்ணாச்சி."

"அவுந்தா அவுருது!"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு எங்கேயோ ஒரு ஸ்கூட்டர் தானாகக் கிளம்பி அணைந்தது. முட்டி கிழிந்து, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக விழுந்தபோது தம்பி வீட்டு வாசல்படி என் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. உள்ளே வைகுண்டம் நாற்காலியில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். கிழவனாகியிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் இவ்வளவு கிழவனானதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியில் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வாயில் வந்தது வேறு.

"ஏலே வைகுண்டம், போன் பேசிக்கிட்டு ஒத்த வெரலால தொட்டானே, அவன் ஒனக்கு அண்ணனா? அவன் பொண்டாட்டிக்குத் தம்பி ஒனக்கு அண்ணனா? நான் செத்தா போயிட்டேன்லே? முன்வரிசையிலதான உக்காந்திருந்தேன்? ஏம் மொகம் ஒனக்குத் தெரியலியா?"

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. திறந்திருந்த வாய் அசைந்தது.

"அண்ணே" என்றான். "மொதலாளி பக்கத்துல நிக்கும்போது எனக்குக் கை காலு ஓடலண்ணே."

உள்ளறையிலிருந்து ஜெயரேகா அலறினாள். மேரி சுகந்தி, "வலி வந்துட்டு! சுடுதண்ணி! ஆம்பளையெல்லாம் வெளிய!" என்றாள். டாக்டர் டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை, அவ்வளவு நாள் நின்றது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. வெளியே தெரு காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. எஸ்தாக்கி விரல்விட்டு எண்ணி யோசித்துக்கொண்டிருந்தார், இனி பிள்ளை அழுவதற்கு முன்னால் எது தொடங்க வேண்டும், டீச்சரின் ஜன்னலா, அருளப்பனின் சோம்பலா, எந்த மணி என்று. டீச்சர் எதற்கும் இருக்கட்டும் என்று ஜன்னலைச் சாத்த ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை அழுதது. எதற்காகவும் யாருக்காகவும் நிற்காமல், பாதி உடம்பு இன்னும் உள்ளே இருக்கும்போதே, எங்கள் தெருவில் அத்தனை நாளில் முன்னால் ஒன்றும் இல்லாமல் தொடங்கிய முதல் சத்தமாக அழுதது. அதைக் கேட்டதும் எல்லாம் ஒரே சமயத்தில் தொடங்கின. மோட்டார்கள் ஓடின, வீட்டுக்கு வீடு பால் பொங்கியது, இரண்டு மணியும் ஒன்றாக அடித்தன, அந்தப் பக்கம் டிஸ்க் உறுமிச் சுற்ற இந்தப் பக்கம் என் பெட்டி பச்சைக் கண்ணைத் திறந்தது, வீடு வீடாக வட்டம் மறைந்து நிறங்கள் வந்தன. பாதிப் பேர் உள்ளே ஓடி அடுப்பை அணைத்தார்கள்.

பெண் குழந்தை. துடைத்து, துணியில் சுற்றி, வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். முதலில் யாரிடம் காட்டினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. முட்டியில் பாக்கியம் மஞ்சள் அப்பிக்கொண்டிருந்தாள், எரிச்சலில் உயிர் போனது.

வைகுண்டம் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு கொஞ்சம் முன்னேயும் பின்னேயுமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கோவம் போயிட்டாண்ணே?"

"எங்க போவும்? பாதிதான சொல்லிருக்கேன். சாப்பாட்டுப் பந்தியில என்ன நடந்துருக்கும்னு எனக்குத் தெரியாதா? மிச்சத்த நாளைக்கி வந்து சொல்லுதேன்."

"நாளைக்கி எப்ப வருவ?"

"நான் வரும்போது வருவேன். நீ என்ன எனக்கு நேரம் சொல்லுறது?"

மறுநாள் அவன் கதவைத் திறப்பதற்கு முன்பே போய்த் தட்டினேன்.